ஜிங்மாய் மலைக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

சீனாவில் உள்ள ஜிங்மாய் மலைக்கு முதல் தடவை போகிறவர்கள் தேயிலைக் காட்டுக்கு நடுவில் நின்றுகொண்டே "தேயிலை எங்கே?" என்று கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். நீலகிரியிலும் வால்பாறையிலும் இடுப்பளவுக்குச் சீவிவிட்ட பச்சைச் சரிவைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இங்கே தெரிவது வெறும் காடு. அண்ணாந்து பார்த்தால் வானத்தை மறைக்கிற பெருமரங்கள். அவற்றின் நிழலில் பாசி படர்ந்து, முண்டும் முடிச்சுமாக, ஆள் உயரத்துக்கும் அதற்கு மேலும் வளர்ந்து நிற்கிற நடுத்தர மரங்கள். தேயிலை அவைதான். காலடியில் புல், பூண்டு, மூலிகை, மக்கிய சருகு.

இந்த மூன்றடுக்கைப் புரிந்துகொண்டு பார்த்தால்தான் அந்த மலைக்குப் போனதற்கு அர்த்தம். மேலே இருக்கும் மரம் வெயிலை வடிகட்டுகிறது. நிழலில் இலை மெதுவாக வளர்வதால் கசப்பு குறைந்து சுவை கூடுகிறது. விழுகிற சருகே உரம். பூச்சிகளைப் பறவையும் சிலந்தியும் பார்த்துக்கொள்கின்றன. இரசாயன உரமும் பூச்சிமருந்தும் இந்தக் காட்டுக்குள் வரக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. ஒரு தேயிலைக் காட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் வெட்டாமல் விட்டுவைத்த காட்டுப் பட்டைகளும் உண்டு. காற்றையும் குளிரையும் தடுக்கவும், ஒரு பக்கம் வந்த பூச்சி மறுபக்கம் தாவாமல் இருக்கவும் அவை நிற்கின்றன.

மலை இருப்பது சீனாவின் தென்மேற்கில், யுன்னான் மாகாணம், பு-எர் நகராட்சிக்கு உட்பட்ட லான்சாங் லாஹு தன்னாட்சி வட்டத்தில். புலாங், டாய் இனத்தவர் 10ஆம் நூற்றாண்டில் தொடங்கி இன்றுவரை விடாமல் பேணிவரும் தேயிலைக் காடுகள் இவை. 2023 செப்டம்பரில் ரியாத்தில் நடந்த கூட்டத்தில் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. தேயிலைக்காகவே அந்தப் பட்டியலில் ஏறிய முதல் இடம் இதுதான். ஐந்து பெரிய தேயிலைக் காடுகள், ஒன்பது பாரம்பரியக் கிராமங்கள், மூன்று தடுப்புக் காடுகள், எல்லாம் சேர்த்து 7,000 ஹெக்டேருக்குச் சற்று மேல்.

போய்ச் சேரும் வழி இரண்டு. குன்மிங்கிலிருந்து லான்சாங் ஜிங்மாய் விமான நிலையத்துக்குச் சுமார் ஒரு மணி நேரம் பறக்கலாம். பெயரில் ஜிங்மாய் இருப்பதால் இறங்கியதும் மலை என்று நினைத்துவிடாதீர்கள், அங்கிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இன்னொரு வழி ரயில். 2021 டிசம்பரில் திறந்த சீன-லாவோஸ் பாதையில் குன்மிங்கிலிருந்து சிஷுவாங்பன்னா நிலையம் மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகம். அங்கிருந்து ஜிங்ஹோங், மெங்ஹாய் வழியாக ஹுய்மின் சிற்றூர், அதன்பின் மலை. இதற்குச் சுமார் மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். நேரத்தைவிட வசதியைப் பார்ப்பவர்களுக்கு ரயில்தான் நல்லது. ரயில்கள் நிறைய, ஒன்றைத் தவறவிட்டாலும் அடுத்ததில் ஏறிவிடலாம்.

ஹுய்மினுக்கு மேல் கல் பாவிய பாதை. வேண்டுமென்றே தார் போடாமல் வைத்திருக்கிறார்கள். வண்டி குலுங்கும், மழையில் வழுக்கும், இருட்டில் திருப்பங்கள் தெரியாது. பகலிலேயே ஏறிவிடுங்கள். மலையடிவாரத்துச் சோதனைச் சாவடியில் வண்டியைப் பார்ப்பது வெளியூர்த் தேயிலை உள்ளே போகாமல் தடுக்கத்தான். மலிவான இலையை மேலே கொண்டுபோய் ஜிங்மாய் பெயரில் விற்பதைத் தடுக்க ஊரே போட்ட வேலி அது. அதனால் வேறு ஊரில் வாங்கிய தேயிலைப் பொட்டலங்களைப் பையில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். மியான்மர் எல்லை அருகில் என்பதால் வழியில் காவல் சோதனையும் இருக்கும். பாஸ்போர்ட்டைப் பெரிய பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட வேண்டாம்.

விசா விஷயம் சுருக்கமாக. சிங்கப்பூர், மலேசியப் பாஸ்போர்ட்டுக்கு 30 நாள் வரை விசா வேண்டாம். இந்தியர்களுக்கும் இலங்கையருக்கும் வேண்டும். இந்தியர்களுக்குச் சுற்றுலா விசா 2025 ஜூலையில் மறுபடி தொடங்கியது. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் காவல்துறையில் பதிவாக வேண்டும் என்பது சீனச் சட்டம். பெரிய விடுதிகள் தாமே செய்துவிடும். கிராமத்து வீட்டு விடுதிகளில் சிலருக்கு வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டைப் பதிவுசெய்து பழக்கமிருக்காது. முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிட்டால் இரவு பத்து மணிக்கு அலைய வேண்டியிருக்காது. பணத்துக்கு அலிப்பே, வீச்சாட் என்ற கைப்பேசிச் செயலிகள் இரண்டிலும் வெளிநாட்டு அட்டையை ஊரிலேயே இணைத்துக்கொண்டு கிளம்புங்கள். மலையில் சிக்னல் போகும் இடங்கள் உண்டு, கொஞ்சம் யுவான் நோட்டும் கையில் இருக்கட்டும்.

ஒன்பது கிராமங்களையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அது வேண்டாம். ஒரு கிராமத்தில் இரண்டு இரவு, அதுதான் குறைந்தபட்சம். புலாங் மக்களின் வெங்ஜி, டாய் மக்களின் நுவோகாங், இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இரண்டிலும் கால்மேல் நிற்கும் மர வீடுகள். ஒரு காலத்தில் கீழ்த்தளம் மாட்டுக்கும் பன்றிக்கும், மேல்தளம் மனிதருக்கு. மேலே நடுவில் அடுப்பு, வெளியே தேயிலை காயவைக்கிற திறந்த மேடை. யாருடைய வீடு என்று கூரை உச்சியைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஒரு மொட்டு, இரண்டு இலை வடிவம் இருந்தால் புலாங் வீடு; மாட்டுக் கொம்பு வடிவம் இருந்தால் டாய் வீடு. ஊர் நடுவில் மரத்தூண்கள் நட்ட ஓர் இடம் இருக்கும். ஊரின் இதயம் என்று அதைச் சொல்வார்கள். உட்கார்ந்து படம் எடுக்கும் திண்டு இல்லை அது, தள்ளி நின்று பாருங்கள். வீட்டுக்குள் அடுப்பைத் தாண்டிப் போகாமல் சுற்றிப் போங்கள். தேரவாத பௌத்தக் கோயிலில் செருப்பைக் கழற்ற நம்மவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வெங்ஜிக் கோயிலை ஒட்டி ஒரு மூத்த சைப்ரஸ் மரம் நிற்கிறது. ஊரில் வேறு எதைப் பார்க்காவிட்டாலும் அதன் அடியில் கொஞ்ச நேரம் நில்லுங்கள்.

மர வீடு என்பதால் சத்தம் ஒளியாது. பக்கத்து அறையில் இருமினால் கேட்கும். இரவில் குளிரும், ஏப்ரலில்கூட ஒரு கம்பளிச் சட்டை வேண்டும். சைவம் சாப்பிடுகிறவர்கள் "வோ ச்சி சூ" (நான் சைவம்) என்று சொல்லிவிட்டு, பன்றிக் கொழுப்பில் வதக்க வேண்டாம் என்பதையும் கைப்பேசியில் மொழிபெயர்த்துக் காட்டுங்கள். காய்கறியாகவே இருந்தாலும் எண்ணெய்க்குப் பதில் கொழுப்பு விழுவது அங்கே சகஜம்.

காட்டுக்குள் தனியாகப் போகாமல் தங்கும் வீட்டாருடன் போங்கள். வழி தவறிவிடும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. ஒவ்வொரு குடும்பத்தின் தேயிலைக் காட்டிலும் ஒரு "ஆவி மரம்" உண்டு. அந்தக் காட்டில் முதலில் நட்ட மரம் அது, அந்தக் காட்டுத் தேயிலைக்கெல்லாம் உயிர் அதில் இருப்பதாக நம்பிக்கை. பக்கத்தில் நட்டிருக்கும் கம்பமோ, வைத்திருக்கும் படையலோ அடையாளம். வீட்டார் காட்டாவிட்டால் கவனிக்காமலே கடந்து போய்விடுவீர்கள், அல்லது அதன்மேல் சாய்ந்தே நின்றுவிடுவீர்கள். புலாங் மக்களின் ஆதித் தலைவர் பா அய்லெங். மாடும் குதிரையும் விட்டுப்போனால் நோயில் சாகும், பொன்னும் வெள்ளியும் விட்டுப்போனால் செலவாகும் என்று சொல்லித் தேயிலை மரத்தை விட்டுப்போனார் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. ஏப்ரல் நடுவில் வரும் ஷான்காங் விழாவில் அவரையும் தேயிலை ஆவியையும் வணங்குகிறார்கள்.

மரத்தை நெருங்கிப் பாருங்கள். அடித்தண்டில் சாம்பல் பூத்த பாசி, கிளைக் கவட்டில் பெரணி, எங்காவது ஒரு ஆர்க்கிட். சில கிளைகளில் இலையே இல்லாமல் கணுக்கணுவாகப் பச்சையாக ஒரு செடி தொற்றியிருக்கும். நண்டுக்கால் என்று பெயர், புல்லுருவி வகை. உடைக்காதீர்கள். ஒரு கிளையைக்கூட வளைக்காதீர்கள், மரத்தில் ஏறாதீர்கள். பறித்துப் பார்க்க ஆசையாக இருந்தால் வீட்டாரைக் கேளுங்கள், எந்த மரத்தில், எவ்வளவு என்று அவர்களே காட்டுவார்கள்.

இனி, உண்மையில் இதற்காகத்தான் இரண்டு இரவு தங்கச் சொல்வது: ஒரு கூடை இலையை மரத்திலிருந்து கடைசிவரை பின்தொடருங்கள். காலையில் பறித்த இலை மதியம் வீடு வரும். மூங்கில் தட்டில் மெல்லிசாகப் பரப்பிச் சில மணி நேரம் வாட விடுவார்கள். தண்டை வளைத்தால் ஒடியாமல் வளைய வேண்டும், அதுதான் பதம். வாடாத இலை சட்டியில் கருகும், அதிகம் வாடினால் சிவக்கும். சாயங்காலம் அடுப்பில் சாய்வாகப் பதித்த பெரிய இரும்புச் சட்டியில் ஒரு தடவைக்குச் சுமார் 5 முதல் 8 கிலோ வரை போட்டு வதக்குவார்கள். நல்ல வீடுகளில் விறகைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து போடும்படி அமைத்திருப்பார்கள். புகை இலையில் ஏறக் கூடாது அல்லவா.

கையுறை போட்ட கை நிற்காது. கொஞ்ச நேரம் குவித்து அதன் ஆவியிலேயே வேகவிடுவது, பிறகு அள்ளித் தூக்கி உதறி ஆவியை வெளியேற்றுவது, மறுபடி குவிப்பது. இருபது நிமிடத்துக்கு மேல் இதே வேலை. பச்சை வாசனை போய்ப் பூவாசனை வரும் நொடியில் பக்கத்தில் நிற்பவர்களுக்கே தெரியும். தீ குறைந்தால் தண்டு வேகாமல் சிவந்துவிடும். தீ மிஞ்சினால் இலை ஓரத்தில் கரும்புள்ளி விழும், காய்ச்சும்போது தீய்ந்த வாசனை வரும். ஆனால் இலையின் நொதிகளை முற்றாகக் கொன்றுவிடவும் கூடாது. அப்படிச் செய்தால் பச்சைத் தேநீர்போல உடனே மணக்கும், வருஷம் போகப்போகச் சப்பென்று ஆகிவிடும். பு-எர் என்கிற இந்தப் பகுதித் தேயிலை வருஷக்கணக்கில் வைத்திருந்து பழுப்பதற்கான உயிர் இந்த அரைகுறை வதக்கலில்தான் தங்குகிறது.

ஆறியதும் மூங்கில் பாயில் மாவு பிசைவதுபோல் உருட்டுவார்கள். அழுத்தி உருட்டினால் முதல் தடவை வெந்நீர் ஊற்றும்போதே சாறு இறங்கும், இலேசாக உருட்டினால் மெதுவாக இறங்கும். மறுநாள் வெயிலில் காயவைப்பார்கள். சூளையில் காயவைத்தால் கதை முடிந்தது, வெயில்தான் வேண்டும். மழை நாளில் கண்ணாடிக் கூரைக்குக் கீழே காயவைப்பார்கள். கனமாகப் பரப்பினால் புளிப்பு ஏறும். நாலு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட பச்சை இலை ஒரு கிலோ உலர்ந்த இலையாகும். இதற்குப் பெயர் மாவ்ச்சா. இதை ஆவி காட்டி அழுத்தினால் 357 கிராம் வில்லை. ஏழு வில்லை ஒரு கட்டு, கட்டு ஒன்று இரண்டரை கிலோ.

எப்போது போவது? மார்ச் கடைசியும் ஏப்ரலும் வசந்த இலை. மேலே சொன்ன எல்லாம் கண்முன் நடக்கும், ஆனால் வியாபாரிகளால் அறைகள் நிரம்பும், வீட்டார் தூக்கமில்லாமல் இருப்பார்கள். மே முதல் அக்டோபர் வரை மழை. செப்டம்பர் இறுதி, அக்டோபரில் இலையுதிர்கால இலை வரும், கூட்டம் குறைவு. நான் சொல்வது இந்த நாட்களை. குளிர்காலத்தில் பறிப்பு இல்லை, பள்ளத்தாக்கு நிறைய மேகம் கிடக்கும். சீனா முழுவதுக்கும் பெய்ஜிங் நேரம் என்பதால் டிசம்பரில் அங்கே சூரியன் உதிப்பது ஏறக்குறைய எட்டு மணிக்கு. மேகம் பார்க்க ஐந்தரைக்கே எழுந்து குளிரில் நிற்க வேண்டாம்.

வாங்குவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். "ஆயிரம் வருஷத்து மரம்" என்பதை நம்பி விலை கொடுக்காதீர்கள். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட மரத்தையே பழைய மரம் என்கிறார்கள், அதற்கு மேல் ஒரு தனி மரத்தின் வயதை யாரும் குடித்துப் பார்த்துச் சொல்ல முடியாது. அதே மலையில் வரிசையாக நட்ட படித்தோட்ட இலையும் உண்டு. அது மோசமில்லை, ஆனால் விலை வேறு. காகித உறை எதற்கும் சான்றாகாது. உட்கார்ந்து குடித்துப் பாருங்கள். 110 மில்லி மூடிக் கிண்ணத்தில் 7 கிராம், கொதிக்கும் வெந்நீர், முதல் நீரைக் கொட்டிவிட்டு அதே இலையில் அடுத்தடுத்து ஊற்றி, ஒவ்வொரு தடவையும் பத்து வினாடி. ஜிங்மாய் இலைக்குப் பூவாசனை தூக்கலாக இருக்கும், கசப்பு வந்த வேகத்தில் விலகித் தொண்டையில் இனிப்பு ஊறும். ஏழெட்டுத் தடவை ஊற்றினாலும் தாங்குகிறதா என்று பாருங்கள். கடைசியில் ஊறிய இலையை விரித்துப் பாருங்கள்: சிவந்த தண்டும் கரும்புள்ளியும் நிறைய இருந்தால் வதக்கலில் பிசகு. வெறும் வயிற்றில் இதைச் செய்ய வேண்டாம். புது இலை வயிற்றைப் பிசையும், கை நடுங்கும், தலை சுற்றும். முதலில் சாப்பிட்டுவிட்டு உட்காருங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் மசாலா டப்பாவுக்கும் ஊதுபத்திக்கும் கற்பூரத்துக்கும் எட்டாத இடத்தில், காகித உறையோடு, வெயில் படாமல் வையுங்கள். தேயிலை எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். வாங்கும்போதே உறையின் மேல் பறித்த மாதம், வீட்டின் பெயர், எந்தக் காட்டு இலை என்று வீட்டார் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஐந்து வருஷம் கழித்து உடைக்கும்போது எந்த வில்லை எது என்று அந்தக் கையெழுத்தை வைத்துத்தான் தெரியும்.