கெர்பரின் கடைசி வாரம்

ஜூலை 25, 2024, வியாழன்

பாரிஸ் ஒலிம்பிக்குடன் ஓய்வு பெறுவதாக ஜெர்மன் டென்னிஸ் வீராங்கனை ஏஞ்சலிக் கெர்பர் இன்று அறிவித்துவிட்டார். எதிர்பாராத செய்தி என்று சொல்ல முடியாது. வயது 36. சென்ற ஆண்டு பிப்ரவரியில் மகள் பிறந்தாள். இந்த ஆண்டுத் தொடக்கத்தை ஒட்டித்தான் மீண்டும் களத்துக்கு வந்தார். ஆஸ்திரேலிய ஓபனில் முதல் சுற்றிலேயே தோல்வி. ஒரு காலத்தில் கோப்பையை ஏந்திய விம்பிள்டனிலும் இம்மாதம் அதே கதைதான். இருந்தும் மனம் கனத்துவிட்டது.

நாளைய செய்திகளில் மூன்று கிராண்ட் ஸ்லாம் (டென்னிஸின் நான்கு பெரிய போட்டிகள்) பட்டங்களும், 34 வாரங்கள் உலகத் தரவரிசையில் வகித்த முதலிடமும் பேசப்படும். பேசட்டும். அவ்வளவு உயரம் ஏறிய கையோடு அவ்வளவு ஆழத்தில் விழுந்து, அங்கிருந்து மறுபடியும் ஏறினாரே, அதற்காகத்தான் நான் இவரை இத்தனை ஆண்டுகள் விடாமல் பார்த்தேன். இந்த வாரம் முழுக்க அவரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

ஜூலை 26, வெள்ளி

பிறந்தது பிரெமனில், வளர்ந்தது கீல் நகரத்தில். பெற்றோர் போலந்து வழியினர். போலந்தில் போஸ்னான் அருகே தாத்தா நடத்திய டென்னிஸ் மையத்தில்தான் பல காலம் பயிற்சி. இயல்பில் வலது கைக்காரர்; மட்டையை மட்டும் இடது கையில் பிடிப்பார்.

2003இல் தொழில்முறை ஆட்டக்காரரான பிறகு எட்டு ஆண்டுகள் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. 2011இன் முதல் பாதியில் போகுமிடமெல்லாம் முதல் சுற்றிலேயே தோற்றார். விம்பிள்டனிலும் அப்படியே தோற்றபோது, டென்னிஸே வேண்டாம் என்று விட்டுவிடும் நிலைக்கு வந்தார். பிறகு ஆஃபன்பாக்கில் உள்ள அகாடமிக்குப் போனார். அங்கே தோழி ஆண்ட்ரியா பெட்கோவிச்சும் இருந்தார். சில வாரங்கள் உடலை வருத்திப் பயிற்சி செய்தார். அந்த ஆண்டு அமெரிக்க ஓபனில் 92ஆவது தரவரிசையோடு நுழைந்து அரையிறுதி வரை போனார். அடுத்த ஆண்டே உலகின் முதல் ஐந்து பேரில் ஒருவர்!

ஜூலை 27, சனி

ஒசாகாவை வென்றுவிட்டார்! 7-5, 6-3.

முதல் சுற்றிலேயே ஜப்பானின் நவோமி ஒசாகா என்று அட்டவணையில் பார்த்தபோது 2017 அமெரிக்க ஓபன்தான் நினைவுக்கு வந்தது. கெர்பர் அங்கே நடப்புச் சாம்பியன். ஒசாகாவுக்கு அப்போது 19 வயது. கெர்பரை 6-3, 6-1 என்று முதல் சுற்றிலேயே வென்று ஒசாகா அனுப்பி வைத்தார். அதே ஆண்டு பிரெஞ்சு ஓபனில் கெர்பர் முதல்நிலை வீராங்கனையாக இறங்கி, அங்கும் முதல் சுற்றில் ரஷ்யாவின் மகரோவாவிடம் 6-2, 6-2 என்று தோற்றிருந்தார். உலகின் முதலிடத்தில் இருந்தவர் ஆண்டு முழுவதும் ஒரு பட்டம்கூட இல்லாமல் 21ஆவது இடத்தில் போய் முடித்தார். 2016இல் வென்ற இரண்டு கிராண்ட் ஸ்லாம்களும் வெறும் அதிர்ஷ்டம் என்று அப்போது பேசியவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பேச்சு அன்றும் பொறுக்கவில்லை, இன்றும் பொறுக்கவில்லை.

இன்று ஆடிய இருவரும் குழந்தை பெற்றுத் திரும்பி வந்தவர்கள். அதில் மூத்தவர் வென்றார். அந்த நியூயார்க் கணக்கு ஏழு ஆண்டுகள் கழித்துத் தீர்ந்தது.

ஜூலை 28, ஞாயிறு

மழைநாள் போல வீட்டிலேயே உட்கார்ந்து பழைய ஆட்டங்களைப் பார்த்தேன். கெர்பர் ஏன் இப்படி ஏறி இறங்கினார் என்பதற்கு அவருடைய ஆட்டத்திலேயே விடை இருப்பதாக எனக்குப் படுகிறது.

பந்து ஆடுகளத்தின் பின்கோடான பேஸ்லைன் அருகே ஆழமாக வந்து விழுகிறது. மற்றவர்கள் இரண்டடி பின்வாங்கி நின்று அடிப்பார்கள். கெர்பர் நகர்வதில்லை. கால்களை மடக்கி அப்படியே தாழ்ந்துவிடுகிறார். முழங்கால் தரையை உரசுகிறது. பந்து முழுதாக எழும்பும் முன்பே மட்டை அதைச் சந்திக்கிறது. எதிராளி கொடுத்த வேகம் எதிராளிக்கே திரும்பிப் போகிறது. அடுத்த நொடி எழுந்து ஓடத் தொடங்கிவிடுகிறார். உலகில் இந்த அடியை இவரைப் போல அடித்தவர் வேறு யாரையும் நான் பார்த்ததில்லை.

ஆனால் சர்வீஸ் பலவீனமானது. இரண்டாவது சர்வ் மிகவும் மெதுவாகப் போகும். எதிராளி காத்திருந்து அடிப்பார். செரீனா வில்லியம்ஸுக்குச் சர்வீஸிலேயே கிடைத்த புள்ளிகளை எல்லாம் இவர் ஓடி ஓடித்தான் சம்பாதிக்க வேண்டும். கால்களும் நம்பிக்கையும் சேர்ந்திருக்கும் நாளில் கோட்டை ஒட்டி இடது கை ஃபோர்ஹேண்டைத் துணிந்து இறக்குவார். நம்பிக்கை கொஞ்சம் குறைந்தாலும் எதிராளி தவறு செய்யட்டும் என்று காத்திருக்கத் தொடங்குவார். இவருடைய ஆட்டத்தில் அரை நொடி தாமதமானாலும் எல்லாம் போயிற்று. 2017இல் நடந்தது இதுதான்.

ஆண்டின் முன்னணி வீராங்கனைகள் மட்டும் மோதும் 2015 சிங்கப்பூர் இறுதித் தொடரும் அப்படித்தான். ஒரே ஒரு செட் வென்றால் அரையிறுதி. செக் நாட்டின் சஃபரோவாவிடம் இரண்டு செட்டையும் இழந்தார். மூன்று மாதம்கூட ஆகவில்லை, மெல்போர்னில் 2016 ஆஸ்திரேலிய ஓபன் முதல் சுற்றில் ஜப்பானின் மிசாகி டோயிடம் மேட்ச் பாயிண்ட் வரை, அதாவது இன்னும் ஒரு புள்ளி போனால் தோல்வி என்ற நிலை வரை போய்த் தப்பினார். அந்தப் புள்ளி போயிருந்தால் இந்த நாட்குறிப்பே கிடையாது. தப்பியவர் நேராக இறுதிக்குப் போய் செரீனாவை 6-4, 3-6, 6-4 என்று வென்றார். செரீனா தாமாகச் செய்த தவறுகள் 46. கெர்பர் செய்தவை 13. அந்த ஆட்டம் முழுவதிலும் கெர்பர் காத்திருக்கவில்லை, தானே போய் அடித்தார்.

அதே 2016இல் விம்பிள்டன் இறுதியில் தோல்வி, ரியோ ஒலிம்பிக்கில் மோனிகா புயிக்கிடம் தங்கத்தைப் பறிகொடுத்து வெள்ளி, வென்றால் முதலிடம் என்ற நிலையில் சின்சினாட்டி இறுதியிலும் பிளிஸ்கோவாவிடம் தோல்வி. சில வாரங்களில் அதே பிளிஸ்கோவாவை வென்று அமெரிக்க ஓபனைக் கைப்பற்றினார். 28 வயதில் முதலிடம். அதுவரை எந்த வீராங்கனையும் அந்த வயதில் முதன்முறையாக அங்கே ஏறியதில்லை.

ஜூலை 30, செவ்வாய்

இரண்டாவது சுற்றில் ருமேனியாவின் கிறிஸ்தியான், இன்று கனடாவின் லைலா ஃபெர்னாண்டஸ். இரண்டும் நேர் செட் வெற்றிகள். காலிறுதி! இந்த ஆண்டு ஆட்டமே வராமல் திணறியவர் எப்படி இவ்வளவு லேசாக ஆடுகிறார்? இனி இழக்க எதுவும் இல்லை என்பதால் காத்திருப்பதையும் விட்டுவிட்டார் போலும்.

2018 விம்பிள்டனுக்கு முன்னும் இப்படித்தான் எவரும் இவரை நம்பவில்லை. புதிய பயிற்சியாளராக விம் ஃபிசெட் வந்தார். ஜனவரியில் சிட்னி பட்டம், ஆஸ்திரேலிய ஓபன் அரையிறுதியில் ஹாலெப்பிடம் இரண்டு மேட்ச் பாயிண்ட் வைத்திருந்தும் 9-7 என்று தோல்வி, ஜூலையில் செரீனாவை 6-3, 6-3 என வென்று விம்பிள்டன். அந்த வெற்றிதான் எனக்கு 2016ஐவிடப் பெரிது. அடுத்த ஆண்டு விம்பிள்டனில் இரண்டாவது சுற்றிலேயே வெளியேறியதையும் எழுதத்தான் வேண்டும்.

ஜூலை 31, புதன்

தோற்றுவிட்டார். சீனாவின் ஷெங் சின்வென்னிடம் 7-6, 4-6, 6-7. மூன்று மணி நேரத்துக்கும் மேல்.

இவர் வெல்லாமல் விட்ட ஒரே கிராண்ட் ஸ்லாம் பிரெஞ்சு ஓபன். அந்தப் போட்டி நடக்கும், காலிறுதிக்கு மேல் ஒருமுறைகூட இவரை விடாத அதே ரோலண்ட் காரோஸ் களிமண்ணில் கடைசி ஆட்டமும் காலிறுதியாகவே முடிந்தது. செட் 6-6 என்று சமமானால் ஆடும் டைபிரேக்கில், கடைசியில் 6-8. அந்த டைபிரேக்கிலும் 6-6 வரை இருவரும் சமம்; இரண்டு புள்ளிகள் இந்தப் பக்கம் விழுந்திருந்தால் அரையிறுதி. தன்னைவிட 14 வயது இளையவருக்கு எதிராக! அழுகை வந்தது. இதற்கு மேல் இன்று எழுத முடியவில்லை.

ஆகஸ்ட் 3, சனி

ஷெங் தங்கம் வென்றுவிட்டார். அரையிறுதியில் இந்தக் களிமண் ஆடுகளத்தின் ராணியான போலந்தின் ஸ்வியாடெக், இறுதியில் குரோஷியாவின் வேகிச். இருவராலும் அவரிடமிருந்து ஒரு செட் எடுக்க முடியவில்லை. புதன்கிழமை ஆட்டத்தின் தரம் இப்போது இன்னும் நன்றாகத் தெரிகிறது.

குழந்தை பிறந்ததோடு நிறுத்தியிருக்கலாம் என்று இந்த ஆண்டு பலர் சொன்னார்கள். நிறுத்தியிருந்தால் விளையாட்டுக்கு ஒரு நல்ல வாரம் நஷ்டம்.

ஜெர்மனிக்கு அடுத்து யார்? 1999 பிரெஞ்சு ஓபனில் ஸ்டெபி கிராப் வென்ற பிறகு, ஒற்றையரில் அடுத்த கிராண்ட் ஸ்லாம் பட்டத்துக்கு அந்த நாடு 2016 வரை காத்திருந்தது. தத்யானா மரியா 2022இல் இரண்டு குழந்தைகளின் தாயாக விம்பிள்டன் அரையிறுதிக்குப் போனார். லாரா சீகமுண்டும் தளராமல் ஆடுகிறார். இருவரும் கெர்பரின் வயதை ஒட்டியவர்கள். இளையவர்களில் அந்த உயரத்துக்கு வரக்கூடியவர் என்று சொல்ல எனக்கு இன்னும் ஒரு பெயர் கிடைக்கவில்லை. இந்த மாதக் கடைசியில் அமெரிக்க ஓபன் தொடங்குகிறது. ஜெர்மன் பெண்களின் ஆட்டங்களைத் தொடர்ந்து பார்க்கப் போகிறேன்.