முட்டைக் கருவில் ஒரு கிறிஸ்து பிறப்பு: தங்கம் வரை வந்தாயிற்று

இத்தாலிய ஓவியர் ஜென்டீலே டா ஃபாப்ரியானோ 1423இல் முடித்த மூன்று ராஜாக்கள் படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஃப்ளோரன்ஸில் உஃபிசி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சட்டத்தோடு சுமார் 3 மீட்டர் உயரம். குதிரைகள், குரங்குகள், சரிகை ஆடைகள் என்று ஓர் ஊர்வலமே உண்டு. பல்லா ஸ்ட்ரோட்சி என்ற பெரும் பணக்காரர் சாந்தா திரினிதா கோயிலுக்காகச் செய்யச் சொன்னது. பணத்தைக் கொட்டியிருப்பது பார்த்ததுமே தெரியும்.

நான் இப்போது முட்டைக் கரு வண்ணத்தில் நகலெடுப்பது அதை இல்லை. அந்தப் படத்துக்கு அடியில் பிரெடெல்லா என்று சொல்லும் வரிசையில் மூன்று சின்னப் பலகைகள் உண்டு. முதலாவது கிறிஸ்து பிறப்பு, நடுவில் எகிப்துக்குத் தப்பியோடுவது, கடைசியில் குழந்தையைக் கோயிலில் காணிக்கையாக்குவது. மூன்றாவதன் அசல் இப்போது பாரிஸில் லூவ்ரில் இருக்கிறது. உஃபிசியில் இருப்பது நகல். எனக்குப் பிடித்தது முதலாவது, ஏனென்றால் அது இரவு. வானத்தில் நட்சத்திரங்கள், குகையில் மாடும் கழுதையும், மரத்தடியில் தூங்கிவிட்ட சூசையப்பர், பக்கத்துத் தாழ்வாரத்தில் இரண்டு பெண்கள். தரையில் கிடக்கும் குழந்தையிடமிருந்துதான் வெளிச்சம் வருகிறது. தூரத்துக் குன்றில் இடையர்களுக்குச் செய்தி சொல்ல வந்த வானதூதர் இன்னொரு விளக்கு. மேலே ராஜாக்கள் படத்தில் தங்கம் பெரும்பாலும் பகட்டுக்கு. இங்கே அதே தங்கம் வெளிச்சத்துக்கு. அதைக் கையால் செய்து பார்த்தால்தான் புரியும் என்று தோன்றியது.

இந்த வெளிச்சத்துக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. சுவீடனின் புனித பிரிஜித்தா 1372இல் பெத்லகேமுக்குப் போனபோது ஒரு காட்சி கண்டதாகச் சொன்னார். குழந்தையிடமிருந்து புறப்பட்ட ஒளியில் சூசையப்பர் வைத்திருந்த மெழுகுவர்த்தி ஒன்றுமில்லாமல் போய்விட்டதாம். அதற்குப் பிறகு ஓவியர்கள் குழந்தையைத் தரையில் கிடத்தி, மாதாவை முழந்தாளிட வைத்து வரையத் தொடங்கினார்கள்.

சரி, வேலைக்கு வருவோம்.

பலகை வேலையைச் சுருக்கமாகவே சொல்கிறேன், அது பொறுமை மட்டும்தான். இத்தாலியில் பாப்லர் மரப்பலகை. எனக்குக் கிடைத்தது நல்ல பிளைவுட். முயல்தோல் பசையை இரவு முழுக்க ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து இளக்கினேன். கொதிக்க விடக் கூடாது, பிடிப்பு போய்விடும். நம் தச்சர்கள் பயன்படுத்தும் வஜ்ஜிரமும் இதே குடும்பம்தான். அதில் ஜிப்சம் மாவைக் கலந்து பூச்சு மேல் பூச்சு. 1400 வாக்கில் கைவினை நூல் எழுதிய சென்னினோ சென்னினி, மாவை ஒரு மாதம் தண்ணீரில் போட்டுத் தினமும் கிளறச் சொல்கிறார். மென்பூச்சு குறைந்தது எட்டு என்கிறார். மாத ஊறலை நான் தவிர்த்தேன், எட்டைத் தவிர்க்கவில்லை. தேய்த்து முடித்தபோது பலகை தந்தம் மாதிரி வழவழவென்று இருந்தது. தங்கம் வரும் ஓரங்களை ஊசியால் கீறிக்கொண்டேன். வண்ணம் மூடினாலும் அந்தக் கோடு கைக்குத் தட்டுப்படும்.

அடுத்தது தங்கம். தஞ்சாவூர் ஓவியத்துக்குத் தங்க ரேக்கு விற்கும் கடையில்தான் முதலில் கேட்டேன். அந்த ரேக்கு தடிமன். கோந்து தடவி மேலே ஒட்டினால் போதும். இந்த வேலைக்கு வேண்டியது மூச்சு பட்டாலே பறக்கும் மெல்லிய தங்கத் தாள். மாதா, குழந்தை இருவரின் ஒளிவட்டத்துக்கும் கீழே 'போல்' (bole) என்னும் நைசான செம்மண்ணைப் பசையில் குழைத்துப் பூச வேண்டும். தங்கத்துக்குச் சூடு கொடுப்பது அந்தச் சிவப்புதான். மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலையும் சாத்திவிட்டு, செம்மண்ணைத் தண்ணீரால் நனைத்து, தட்டைத் தூரிகை நுனியில் தாளை எடுத்துக் காட்டினால், ஈரம் அதைத் தானாக இழுத்துக்கொள்ளும். அந்த ஒரு நொடிக்காகவே இந்த வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யலாம்.

மெருகேற்றும் நேரத்தைக் காது சொல்லும். அகேட் கல்லால் மெல்லத் தட்டிப் பார்க்க வேண்டும். மந்தமான சத்தம் வந்தால் உள்ளே இன்னும் ஈரம். 'டிக்'கென்று தெளிவாகக் கேட்டால் தேய்க்கலாம். விட்டுவிட்டு ரொம்பக் காய்ந்துபோனால் பளபளப்பு வராது. எங்கள் ஊர் மழைக்கால ஈரப்பதத்தில் காத்திருப்பு நீண்டது, ஆனால் பளபளப்பு நன்றாகவே ஏறியது. கல் கிடைக்காத காலத்தில் நாய்ப்பல்லும் ஓநாய்ப்பல்லும் வைத்துத் தேய்த்திருக்கிறார்கள்.

அப்புறம் முட்டை. மஞ்சள் கருவை உள்ளங்கையில் மாற்றி மாற்றி உருட்டி வெள்ளையைப் போக்கி, தோலைக் கிள்ளிப் பிடித்து ஒரு குத்து. உள்ளே இருப்பது மட்டும் கிண்ணத்தில், தோல் குப்பையில். கொஞ்சம் தண்ணீர், தண்ணீரில் அரைத்த வண்ணப்பொடி, அவ்வளவுதான். கண்ணாடித் துண்டில் தடவிக் காய்ந்ததும் சுரண்டினால் தோல்போல உரிய வேண்டும். பொடியாக உதிர்ந்தால் கரு போதவில்லை. சென்னினி இதில் ஒரு வேடிக்கையான நுணுக்கம் சொல்கிறார்: இளம் முகங்களுக்கு நகரத்துக் கோழியின் வெளிறிய கரு, வயதான, கறுத்த முகங்களுக்கு நாட்டுப்புறக் கோழியின் சிவந்த கரு. நான் மாதாவுக்குக் கடை முட்டையும் சூசையப்பருக்கு நாட்டுக்கோழி முட்டையும் என்று வைத்துக்கொண்டேன். பொடி கலந்த பிறகு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் மாற்றப் போவதில்லை.

முகத்துக்கு முதலில் பச்சை மண் பூச்சு, அதன்மேல் வெளிர் சிவப்பு. அந்தக் கால ஈய வெள்ளை விஷம் என்பதால் டைட்டானியம் வெள்ளை. அது அதிகம் மூடும். நீர்த்துப் பல தடவை இழைத்தால் பச்சை கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது. டெம்பரா என்னும் இந்த முட்டை வண்ணம் உடனே காய்ந்துவிடுவதால் எண்ணெய் வண்ணம்போலக் குழைத்துச் சேர்க்க முடியாது. எல்லாம் மெல்லிய கோடுகள்தான். இரவு வானத்தில் கறுப்பை நேராகப் பூசினால் செத்த மாதிரி இருக்கிறது. நீலத்தின்மேல் பழுப்புக் கோடுகள், அதன்மேல் மறுபடி நீலம் என்று போனால் ஆழம் வருகிறது. வானத்தைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது தாழ்வாரக் கூரையின் அடிப்பக்கம். வெளிச்சம் தரையிலிருந்து மேலே போவதால் அந்த அடிப்பக்கம்தான் பிரகாசம். பகல் படத்தில் இருட்டாக இருக்க வேண்டிய இடம் அது. ஜென்டீலே அதைக் கண்ணால் பார்த்துத்தான் வரைந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

குழந்தையைச் சுற்றியுள்ள கதிர்களுக்குப் பூண்டு. நசுக்கிப் பிழிந்த சாற்றை மயிரிழைத் தூரிகையால் இழுத்து, காய்ந்ததும் அதன்மேல் மெல்ல ஊதினால் மூச்சின் ஈரத்தில் பிசுபிசுப்பு வரும். தாளை வைத்து அழுத்தி, மிச்சத்தைத் தூரிகையால் தட்டிவிடலாம். வீட்டில் ரசம் வாசனை. பக்கத்து வண்ணம் நன்றாகக் காய்ந்திருந்தால் தங்கம் கோட்டில் மட்டுமே நிற்கிறது. கதிர்களை எல்லாப் பக்கமும் ஒரே நீளத்தில் இழுக்காமல் மாதா பக்கம் குட்டையாக விட்டிருக்கிறேன், அவருடைய நீல அங்கியின் மடிப்புகள் தெரிவதற்காக.

இன்னும் பாக்கி: குன்றின்மேல் இடையர்கள், வானதூதர், சூசையப்பரின் முகம். வானதூதரைச் சுற்றிய ஒளிக்குக் கதிர்க்கோடு வேண்டாம் என்று நினைக்கிறேன். பக்கத்து எகிப்துப் பலகையில் ஜென்டீலே சூரியனைச் சுதையால் மேடாக்கித் தங்கம் வைத்திருக்கிறார். அதைத் தனித்துண்டில் முயன்று பார்த்துவிட்டு, சரியாக வந்தால் இங்கே கொஞ்சமாக வைக்கப்போகிறேன்.