மில்க்வீட் விதைக்குக் குளிர் காட்டுங்கள்

வட அமெரிக்காவில் மொனார்க் வண்ணத்துப்பூச்சிக்காக, அதன் புழுக்கள் தின்னும் மில்க்வீட் என்ற பால் வடியும் செடியைப் போடுபவர்கள் முதலில் சறுக்குவது விதையில்தான். வசந்தத்தில் பாக்கெட்டைப் பிரித்து நேரே தொட்டியில் தூவினால் ஒன்றிரண்டு தலைகாட்டினாலே பெரிது. விதை சொத்தையில்லை. ஈரமும் குளிரும் சேர்ந்து சில வாரம் கிடைத்தால்தான் பெரும்பாலான வகைகளில் உறக்கம் கலையும்.

சுலபமான வழி, இலையுதிர் காலத்தின் கடைசியில் வெளியே விதைத்துவிடுவது. கால் அங்குல மண் மூடினால் போதும். மிச்சத்தைப் பனி பார்த்துக்கொள்ளும். வசந்தத்தில் விதைப்பதென்றால் ஈர மணலில் கலந்து, ஜிப் பையில் போட்டு, ஃப்ரிட்ஜில் 30 நாள் வையுங்கள். ஃப்ரீசரில் வேண்டாம். மணலைப் பிடித்துப் பிழிந்தால் சொட்டக்கூடாது; சொட்டினால் பூஞ்சை பிடிக்கும்.

எந்த வகை என்பதை உங்கள் மண்தான் முடிவு செய்யும். நீர் தேங்கும் களிமண்ணுக்கு ஸ்வாம்ப் மில்க்வீட். வறண்ட, மணற்பாங்கான, வெயில் அடிக்கும் இடத்துக்கு ஆரஞ்சுப் பூ பூக்கும் பட்டர்ஃப்ளை வீட். இதற்கு ஆணிவேர் ஆழமாக இறங்கும் என்பதால் கன்று சிறிதாக இருக்கும்போதே இடம் மாற்றிவிட வேண்டும். காமன் மில்க்வீட் மண்ணுக்கடியில் ஓடி ஓடிக் கிளைக்கும். சின்னத் தோட்டத்தில் அதை நட்டுவிட்டுப் பிறகு புலம்பிப் பயனில்லை. கடைகளில் எளிதாகக் கிடைக்கும் டிராபிகல் மில்க்வீட் அமெரிக்கா, கனடா மண்ணுக்குரியதல்ல. பனி விழாத பகுதிகளில் அது குளிர்காலத்திலும் பட்டுப்போகாமல் நிற்பதால், மொனார்க்கைத் தாக்கும் ஓஇ என்ற ஒட்டுண்ணி அதன் இலைகளில் சேர்ந்துகொண்டே போகும். என்னைக் கேட்டால், அதை வாங்கவே வேண்டாம்.

பூவை ஒருமுறை உற்றுப் பாருங்கள். மகரந்தம் இங்கே தூளாக இருக்காது. இரண்டிரண்டு மஞ்சள் பைகளாக, ஒரு கறுப்புக் கொக்கியில் தொங்கும். தேன் குடிக்க வந்த தேனீயின் கால் பூவின் பிளவில் வழுக்கி நுழைய, கொக்கி மாட்டிக்கொண்டு பைகள் வெளியே வரும். வலுவில்லாத சின்னப் பூச்சிகள் சில கால் சிக்கி அங்கேயே சாவதும் உண்டு. காமன் மில்க்வீட் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. ஒரே வேரிலிருந்து கிளைத்தவை எத்தனை நின்றாலும் காய் பிடிக்காது. வெவ்வேறு விதையில் வந்த செடிகள் பக்கத்தில் வேண்டும்.

தண்டில் மஞ்சள் அசுவினி அப்பிக்கொள்ளும். அதைப் பார்த்ததும் மருந்து தெளிப்பானைத் தேடாதீர்கள். எந்தப் பூச்சிக்கொல்லியானாலும் மொனார்க் புழுவும் கூடவே போகும். மொனார்க் முட்டை இருக்கிறதா என்று இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் போதும். நர்சரியில் கன்று வாங்கும்போதும் நியோனிகோட்டினாய்டு என்ற பூச்சிக்கொல்லி போட்டதா என்று கேளுங்கள். அந்த விஷம் இலைக்குள்ளேயே ஊறிக் கிடக்கும்.

தண்டை ஒடித்த கையோடு கண்ணைத் தொடாதீர்கள். பால் பட்டால் கருவிழியே பாதிக்கப்படும்.

விதையிலிருந்து வந்த செடி பெரும்பாலும் முதல் வருடம் பூக்காது. குளிர்காலத்தில் மேலே எல்லாம் காய்ந்துவிடும். பட்டர்ஃப்ளை வீட் மற்ற செடிகளெல்லாம் துளிர்த்த பிறகுதான் மெதுவாக எழும். செத்துவிட்டது என்று கொத்திப் போடாமலிருக்க, இலையுதிர் காலத்திலேயே பக்கத்தில் ஒரு குச்சி நட்டு வையுங்கள்.