பழைய கார் எடுக்க ஜனவரி 2 முதல் போகி வரை

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பழைய கார் தேடுகிறவர்கள் பெரும்பாலும் ஆயுத பூஜைக்கு முன்னால்தான் கிளம்புகிறார்கள். வருஷத்திலேயே விலை இறங்காத நேரம் அது. பூஜைக்கு வண்டி வாசலில் நிற்க வேண்டும் என்று எல்லாரும் ஒரே வாரத்தில் வந்து கேட்டால் பழைய வண்டி வாங்கி விற்கும் கன்சல்டிங்காரர் எதற்கு இறங்கி வரப் போகிறார்? தீபாவளி முடியும் வரை இதே நிலைதான்.

வாங்குகிறவருக்குச் சாதகமான நாட்கள் ஜனவரி 2 முதல் போகிக்கு முந்தின நாள் வரை. காலண்டர் வருஷம் மாறியதும் எல்லா வண்டிக்கும் ஒரு வயது கூடிவிடுகிறது. டிசம்பர் 31 அன்று நாலு வருஷ வண்டியாக இருந்தது, மறுநாளே அஞ்சு வருஷ மாடல். ஒரு கிலோமீட்டர்கூட ஓடியிருக்காது, ஆனாலும் பேரத்தில் அதைச் சொல்லலாம். கூடவே, டிசம்பரில் புது கார் ஷோரூம்கள் வருஷக் கடைசித் தள்ளுபடி கொடுத்து மாற்றி எடுத்த பழைய வண்டிகள் எல்லாம் அந்த நேரம்தான் கன்சல்டிங் யார்டுகளுக்கு வந்து சேர்ந்திருக்கும். இதற்கு மேல் மார்கழி வேறு. வண்டி நிறைய, வாங்க ஆள் இல்லை. தை பிறந்து முதல் முகூர்த்தம் வந்துவிட்டால் இந்தச் சலுகை போயே போய்விடும்.

விலை பேசும்போது ஆர்.சி.யில் பதிவுத் தேதியை மட்டும் பார்க்காதீர்கள், உற்பத்தி மாதமும் வருஷமும் தனியாக அச்சாகியிருக்கும். 2020 ஜனவரியில் பதிவான வண்டி 2019 நவம்பரில் தயாரானதாக இருக்கலாம். விற்பவர் 2020 மாடல் என்பார். கணக்கு 2019-லிருந்துதான். இன்னொன்று, 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. நாலு மீட்டருக்குள் நீளம், பெட்ரோல் என்றால் 1200 சி.சி. வரை, டீசல் என்றால் 1500 சி.சி. வரை உள்ளவை இதில் வரும். விற்பவர் 'நான் அன்றைக்கு இவ்வளவு கொடுத்து வாங்கினேன்' என்று ஆரம்பித்தால் அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். அதே மாடலின் இன்றைய ஆன்ரோடு விலையைக் கேட்டு வைத்துக்கொண்டு அங்கிருந்து கீழே இறங்குங்கள்.

மார்கழியில் வண்டி எடுக்க வீட்டில் பெரியவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அதற்கு வழி இருக்கிறது. மார்கழியில் பேசி அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, தை முதல் வாரத்தில் டெலிவரி எடுப்பது. இங்கே இது சர்வசாதாரணம். ஆனால் இந்த இடைப்பட்ட நாட்களில்தான் நல்ல டயரும் பேட்டரியும் காணாமல் போய் வேறு ஒன்று ஏறியிருக்கும். அட்வான்ஸ் கொடுக்கும் அன்றே மீட்டர் ரீடிங், பேட்டரி சீரியல் நம்பர், ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்து டயரின் தேதிக் குறியீடு எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, அக்ரிமென்ட் பேப்பரிலும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். டயர் ஓரத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் வருஷம் 23-வது வாரம் தயாரானது. ஐந்தாறு வருஷம் தாண்டிய டயர் என்றால் பட்டன் (தேயாத மேல் ரப்பர்) நிறைய இருந்தாலும் புதுசு போடும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

மார்கழியின் குளிரும் நமக்கு உதவி. ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் என்றால் காலை ஆறரைக்குப் போய்விடுங்கள், போவதற்கு முன் வண்டியை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஏற்கெனவே கிளப்பிப் பார்த்திருக்கிறார்கள், வேறொரு நாள் வருவதாகச் சொல்லலாம். ஜில்லென்ற டீசல் இன்ஜின் ஸ்டார்ட்டர் நீளமாகச் சுற்றிய பிறகுதான் பிடிக்கிறது என்றால் குளோ பிளக் (குளிரில் இன்ஜினைச் சூடாக்கும் பிளக்), இன்ஜெக்டர், பேட்டரி மூன்றில் ஒன்றில் கோளாறு இருக்கலாம். புகை நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்து கூலன்ட்டும் குறைகிறது என்றால் இன்ஜின் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்படுங்கள். சூடானதும் ஆக்சிலேட்டர் மிதிக்காமல் ஐடிலில் ஓடவிட்டு, ஆயில் மூடியைத் திறந்து பேக் கம்ப்ரஷன், அதாவது உள்ளேயிருந்து கேஸ் திரும்பி அடிக்கிறதா என்று பாருங்கள். லேசான ஆவி பரவாயில்லை, குபுகுபு என்று அடித்தால் வேண்டாம்.

ரேடியேட்டர் மூடியையும் இன்ஜின் ஆறியிருக்கும்போதே திறக்க வேண்டும், சூட்டில் திறந்தால் கை வெந்துவிடும். நம் இரண்டு மாவட்டத்திலும் போர் தண்ணீர் உப்பு. கூலன்ட் காசு கொடுத்து வாங்காமல் அதையே ஊற்றி ஓட்டிய வண்டிகள் ஏராளம். மூடியின் ரப்பர் ஓரத்தில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் படிவு ஒட்டியிருக்கும், உள்ளே தண்ணீர் பச்சையோ சிவப்போ இல்லாமல் செங்காவி நிறத்தில் நிற்கும். உள்ளே டியூப்கள் அடைத்திருந்தால் டவுனுக்குள் ஓட்டும்போது ஒன்றும் தெரியாது, ஏற்றத்தில்தான் தெரியும். அதனால் டெஸ்ட் டிரைவை கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள், மொத்தத்தில் ஏறுமுகம்தான். தர்மபுரிக்காரர்களுக்குத் தொப்பூர் கணவாய். இறங்கும்போது பிரேக், திரும்பி ஏறும்போது கிளட்ச் ஸ்லிப்பும் டெம்பரேச்சர் முள்ளும். நாலு பேரை ஏற்றிக்கொண்டு போனால்தான் உண்மை தெரியும்.

ஜனவரியில் சரியாகப் பார்க்க முடியாதது ஏ.சி. மத்தியான வெயிலில் கண்ணாடி ஏற்றி அரை மணி நேரம் நிறுத்திவைத்து, பிறகு போட்டுப் பத்து நிமிஷம் கழித்து வென்ட்டில் தெர்மாமீட்டர் வையுங்கள். அந்தச் சீசனில் 10 டிகிரிக்குக் கீழே வராத ஏ.சி. சித்திரையில் வெறும் காற்றைத்தான் கொடுக்கும்.

வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு வாங்குவதால் வெள்ளத்தில் நின்ற வண்டி வந்து மாட்டும் ஆபத்தும் உண்டு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டி, நிறுத்தியிருந்த வண்டிகளையே வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. சென்னையிலும் பெங்களூருவிலும் மூழ்கியவை இன்சூரன்ஸ் ஏலத்தில் போய், கழுவித் துடைத்து, சில மாதத்தில் வெளியூர்ச் சந்தைக்கு வரும். சீட்டையும் கார்ப்பெட்டையும் மாற்றிவிடுவார்கள், சீட் பெல்ட்டை மாற்ற மாட்டார்கள். பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து, சுருளுக்குள் இருக்கும் பகுதியை வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு இடத்தில் குறுக்காகச் சேற்றுக்கோடு தெரிந்தால் தண்ணீர் அந்த உயரம் வரை நின்றிருக்கிறது. சீட் ரெயில் போல்ட்டில் துரு, ஸ்டெப்னி குழியில் வண்டல், பியூஸ் பாக்ஸ் கனெக்டரில் பச்சை பூத்திருப்பது இவையும் அதே சமாச்சாரம்தான்.

இந்தச் சங்கடம் வேண்டாம் என்பவர்களுக்கு அடுத்த வாய்ப்பு ஆடி. பழக்கமானதுதான், ஆனால் எல்லைப்புறத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கன்னடக்காரர்களும் தெலுங்குக்காரர்களும் ஒதுக்கும் ஆஷாடம் சந்திரக் கணக்கு. பெரும்பாலும் ஜூன் கடைசிவாக்கில் தொடங்கி ஆடி அமாவாசையோடு முடியும், அதிக மாதம் வரும் வருஷத்தில் தள்ளிப் போகும். பெங்களூரு, ஆனேக்கல் பக்கம் வண்டி பார்ப்பவர்கள் ஆடி அமாவாசைக்குள் முடித்துவிட வேண்டும், அதற்குப் பிறகு அங்கே ஷ்ராவணம், விலை நிமிர்ந்துவிடும். நம் பக்கம் ஆடிப்பெருக்கு அன்று மட்டும் கூட்டம் வரும், அந்த வாரத்தைத் தவிருங்கள். பொலிரோ, பிக்அப் தேடுகிறவர்களுக்கு ஆடிக் கடைசி இன்னும் நல்லது. மாங்காய் சீசனுக்கு முன்னால் அவற்றை விற்க யாருக்கும் மனசு வராது, லோடு ஓய்ந்த பிறகு வரும். அப்படி வருபவற்றில் சேஸிஸ், பின்பக்க ஸ்பிரிங் பட்டை, அதை சேஸிஸோடு பிடித்திருக்கும் ஷேக்கிள் ஆகியவற்றை அடியில் படுத்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

கர்நாடகத்தில் பதிவான கே.ஏ. நம்பர் வண்டி மலிவாகத் தெரியும். அங்கிருந்து என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வாங்கி, இங்கே வண்டியின் வயதுக்கேற்ற ஆயுள் வரியைக் கட்டி, புது நம்பர் வாங்கியாக வேண்டும். அங்கே கட்டிய வரியில் மீதியைத் திரும்பக் கேட்கலாம், ஆனால் கைக்கு வரத் தாமதமாகும். கிருஷ்ணகிரி, ஓசூர், தர்மபுரி எந்த ஆர்.டி.ஓ. எல்லையில் உங்கள் முகவரி வருகிறதோ அங்கே முதலில் வரி எவ்வளவு என்று கேட்டு, அதை விலையோடு கூட்டிப் பார்த்தபின் மலிவா என்று முடிவு செய்யுங்கள்.

பேப்பர் விஷயத்தில், பெயர் மாற்றத்துக்கான 29-ஆம் படிவமும் 30-ஆம் படிவமும் வாங்குபவர் பெயர் நிரப்பித்தான் கையெழுத்தாக வேண்டும். பெயர் எழுதாத படிவத்தோடு புரோக்கர் கைமாற்றிவிடும் வண்டியை எடுக்காதீர்கள், நடுவில் எத்தனை பேர் ஓட்டினார்கள் என்பதே தெரியாது. விற்றவர் மாநிலத்துக்குள் என்றால் 14 நாளில், வெளிமாநிலம் என்றால் 45 நாளில் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாள். பைனான்ஸ் வண்டி என்றால் கம்பெனி என்.ஓ.சி.யும் கடன் முடிந்ததைக் காட்டும் 35-ஆம் படிவமும் கைக்கு வந்த பிறகுதான் முழுப் பணம். இ-செலான் பாக்கியை பரிவாகன் தளத்தில் வண்டி நம்பர் போட்டுப் பாருங்கள், பாக்கி இருந்தால் பெயர் மாற்றம் அங்கேயே சிக்கும்.

இன்சூரன்ஸை 14 நாளைக்குள் உங்கள் பெயருக்கு மாற்றாவிட்டால் உங்கள் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கு கிளெய்ம் கிடைப்பது கஷ்டம். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காததற்கான பிரீமியத் தள்ளுபடி) அவரோடு போய்விடும், அந்த வித்தியாசத் தொகையை நீங்கள்தான் கட்ட வேண்டும். ஃபாஸ்டேக்கையும் டெலிவரி அன்றே பழையவர் முடித்துவிட்டாரா என்று கேட்டு, உங்கள் பெயரில் புதுசு ஒட்டிவிடுங்கள்.