காற்றைச் சாப்பிடப் போகலாமா?

பினாங்கில், பாயான் லெப்பாஸ் பக்கம் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் பக்கத்து மேசை மலாய் அக்கா, "ஜோம், மாக்கான் ஆஙின்" என்றார். ஜோம் என்றால் வா, போகலாம். மாக்கான் என்றால் சாப்பிடுவது. அந்தச் சொல் இங்கே வந்து இறங்கிய அன்றே காதில் விழுந்துவிடும். ஆஙின் என்றால் காற்று. ஆக, காற்றைச் சாப்பிடலாம், வா!

அவரை எல்லோரும் "கக்" என்றுதான் கூப்பிடுவோம். நம் அக்கா மாதிரி. ஊர் சுற்றுவதை, காலாற நடந்துவிட்டு வருவதை மலாயில் அப்படித்தான் சொல்வார்கள் என்று விளக்கினார். அன்று போனது ஜார்ஜ்டவுன் கடற்கரையில் இருக்கும் பாடாங் கோத்தா லாமாவுக்கு. கல்சுவரில் உட்கார்ந்து, "எங்கள் ஊரில் காற்று வாங்கப் போகிறோம் என்போம்" என்றேன். கக் உடனே கேட்டார்: "யாரிடம் வாங்குவீர்கள்? என்ன விலை?"

அதுவரை நான் யோசித்ததே இல்லை. தமிழில் காசு கொடுத்தாலும் வாங்குவதுதான், ஒருவர் சும்மா நீட்டுவதைக் கையில் பெற்றாலும் வாங்குவதுதான். கடல் கொடுக்கிறது, நாங்கள் வாங்கிக்கொள்கிறோம் என்றேன். அவருக்கு அது மிகவும் பிடித்துப்போனது.

அதற்கப்புறம் மலாய்க்காரர்களின் காற்றை நான் விடவே இல்லை. கபார் ஆஙின் என்றால் காற்றுச் செய்தி, அதாவது வதந்தி. நாமும் "காத்துவாக்கில் கேள்விப்பட்டேன்" என்கிறோம் இல்லையா? வயிறு உப்பி உடம்பு சரியில்லை என்றால் மாசுக் ஆஙின், காற்று உள்ளே புகுந்துவிட்டதாம். உடனே மின்யாக் ஆஙின் என்ற தைலத்தை எடுத்து வயிற்றில் தேய்ப்பார்கள். டப்பாவில் பிஸ்கட் நமத்துப்போனாலும் அதே மாசுக் ஆஙின்தான். கோபம் தலைக்கேறியவருக்கு ஆஙின் சத்து பாடான், உடம்பு முழுக்கக் காற்று. எனக்கு இதுதான் மிகவும் பிடித்தது. அப்படி ஒருவர் வரும்போது நிஜமாகவே புயல் வருகிற மாதிரி இருக்கும்.

ஆனால் என்னை உலுக்கியது வேறொன்று. பழைய மலாயில் இந்தப் பகுதிக்கு "காற்றுக்குக் கீழே உள்ள நாடு" என்று பெயர். இந்தியா, பாரசீகம், அரேபியா எல்லாம் "காற்றுக்கு மேலே உள்ள நாடுகள்". தென்மேற்குப் பருவக்காற்றில் பாய் விரித்து வந்த நம் வணிகர்கள், காற்று திசை மாறும்வரை காத்திருந்துதான் ஊர் திரும்ப முடியும். அப்படி வந்து தங்கிப் பழகியதில்தான் கடை இங்கே கெடாய் ஆனது, கப்பல் காப்பால் ஆனது.

"அப்படியானால் நீ ஓராங் ஆத்தாஸ் ஆஙின், காற்றுக்கு மேலே இருந்து வந்தவன்" என்றார் கக். அன்று வானம் தெளிவாக இருந்தது. வடக்கே கெடாவில் 1,217 மீட்டர் உயரக் குனோங் ஜெராய் நீலமாகத் தெரிந்தது. நாம் கடாரம் என்று படித்த நாடுதான் கெடா. நடுக்கடலில் வந்த மாலுமிகளுக்குக் கரையை அடையாளம் காட்டியதும் அந்த மலைதான். இருட்டும்வரை அதைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தோம். கக் சாப்பிட்டார், நான் வாங்கினேன்.