புலித்தோல் வாங்கப்படும்: இஞ்சியோனில் ஒரு ஜெர்மன் கடை

சரக்குக் கப்பல்களுக்குக் காகித வேலை பார்ப்பது என் பிழைப்பு. அதனால் எந்தத் துறைமுகத்தின் பழைய கதையைப் படித்தாலும் என்ன இறங்கியது, என்ன ஏறியது, பணம் யார் கையிலிருந்து வந்தது என்றுதான் புத்தி போகும். தென்கொரியத் துறைமுகமான இஞ்சியோனுக்கு வேலைக்கு வந்த பிறகு அதற்கு நல்ல தீனி கிடைத்தது.

1883இல் வெளிநாட்டு வணிகத்துக்குத் திறந்துவிடப்பட்டபோது இந்த இடத்துக்குச் செமுல்போ என்று பெயர். ஜப்பானியர், சீனர், மேற்கத்தியர் என்று ஆளுக்கொரு குடியிருப்புப் பகுதி பிரித்துக்கொண்டார்கள். ஜப்பானியப் பகுதிக்கும் சீனப் பகுதிக்கும் எல்லையாக இருந்த கல் படிக்கட்டு இன்றும் இருக்கிறது. ஏறிப் பாருங்கள், ஒரு பக்கம் சீனக் கல்விளக்குகள், மறுபக்கம் ஜப்பானிய விளக்குகள். எல்லோரும் அங்கே நின்று படம் எடுப்பார்கள். என்னை இழுத்தது அங்கே கடை போட்டவர்களின் சரக்குப் பட்டியல்.

மேயர் என்ற ஹாம்பர்க் வணிகரின் கம்பெனி 1884இல் இங்கே கிளை திறந்தது. உள்ளூரில் அதற்குச் சேச்சாங் யாங்ஹேங் என்று பெயர். 1886 பிப்ரவரி 22 அன்று ‘ஹான்சோங் ஜூபோ’ என்ற அரசு வார இதழில் இவர்கள் ஒரு விளம்பரம் கொடுத்தார்கள். கொரியப் பத்திரிகையில் வந்த முதல் விளம்பரம் அதுதான் என்கிறார்கள். விற்கும் பொருளைச் சொல்வதற்கு முன்னால், வாங்கும் பொருளைச் சொல்கிறது! புலி, நீர்நாய், மாடு, குதிரை, நரி, நாய் எல்லாவற்றின் தோலும் வாங்குவார்களாம். மனிதத் தலைமுடி, பன்றி மயிர், கொம்பு, குளம்பு, கிளிஞ்சல், புகையிலை, காகிதம், பழைய நாணயம்கூட. கொஞ்சமோ நிறையவோ, கொண்டு வந்தால் எடுத்துக்கொள்வார்கள். அப்புறம்தான் விற்பவை: அலாரக் கடிகாரம், இசைப்பெட்டி, கண்ணாடி, விளக்கு, பொத்தான், துணி, சாயம், ஊசி, நூல், தீப்பெட்டி. சிறுவரோ முதியவரோ வந்தாலும் ஏமாற்ற மாட்டோம் என்று ஓர் உறுதிமொழி வேறு. அப்படி எழுத வேண்டிய அவசியம் வந்திருக்கிறது என்றால், அந்தக் காலத்துக் கடைத்தெருவைப் பற்றி நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

பட்டியல் கவர்ச்சியாக இருக்கிறதே தவிர, துறைமுகத்தின் கனமான வியாபாரம் ஜெர்மானியர் கையில் இல்லை. ஆங்கிலேய ஆலைகளில் நெய்த பருத்தித் துணி ஷாங்காய் வழியாகச் சீன, ஜப்பானிய வணிகர்களின் சரக்காக இங்கே இறங்கியது. அரிசியும் சோயாவும் பெரும்பாலும் ஜப்பானுக்குப் போயின. பிரிட்டிஷ் வணிகக் கம்பெனி ஜார்டின் மேத்தசன், அமெரிக்க வணிகர் டவுன்சென்ட் எல்லாரும் வந்தார்கள், பெயரும் பெற்றார்கள். ஆனாலும் அளவைப் பார்த்தால் கிழக்காசியக்காரர்கள்தான்.

அதற்கு நல்ல சாட்சி 1892இன் கடன். மேற்கத்தியக் கம்பெனிகளிடம் பட்ட கடனை அடைக்க ஜோசான் அரசு, அதாவது அன்றைய கொரிய அரசு, திணறியது. அந்த ஆண்டு டோங் சுன் தாய் என்ற சீன வணிக நிறுவனத்தின் பெயரில் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் ஒரு லட்சம் தேல் (சீன எடை அளவு) வெள்ளி கடனாக வந்தது. பின்னால் நின்றது சீனப் பேரரசு. அடமானம்? துறைமுகச் சுங்க வருமானம். கடைக்காரர் பெயரில் ஓர் அரசு இன்னோர் அரசுக்குக் கடன் கொடுக்கிறது. ஆவணத்தில் ‘அனுப்புநர்’ கட்டத்தில் வேறொருவர் பெயரைப் போடும் வித்தை நூறு வருஷத்துக்கு மேல் பழசு என்று எங்கள் அலுவலகத்தில் சொன்னேன், யாரும் சிரிக்கவில்லை.

சரக்கு இறக்குவதும் சுலபமில்லை. இங்கே கடல் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் ஒன்பது மீட்டர் வரை வித்தியாசம் வரும். வற்று நேரத்தில் கண்ணுக்கெட்டிய வரை சேறு. பெரிய கப்பல்கள் தள்ளி நங்கூரமிட, படகுகள் தண்ணீர் ஏறும்வரை காத்திருந்து சரக்கைக் கரைக்குக் கொண்டுவரும். மதகு வைத்த உள்துறைமுகம் 1918இல்தான் வந்தது.

மேயர் கம்பெனி ஊழியர்கள் தங்கியிருந்த குன்றின்மேல் வீடு பிற்பாடு நூலகமாகி, 1946இல் அருங்காட்சியகமாகி, 1950இல் கொரியப் போரில் அழிந்தது. ஜப்பானிய வங்கிக் கட்டடங்கள் தப்பிவிட்டன. பதினெட்டாம் வங்கி, முதலாம் வங்கி இரண்டும் இப்போது அருங்காட்சியகங்கள். போகிறவர்கள் சைனாடவுனில் கருப்பு நூடுல்ஸ் சாப்பிடுவதற்கு முன்னாலேயே அவற்றைப் பார்த்துவிடுங்கள். சாப்பிட்ட பிறகு யாருக்கும் படி ஏற மனம் வராது.