அப்பாவின் பாதத்தை யார் பார்ப்பது?

என் மகள் வயிற்றில் இருந்த காலத்தில் மிட்வைஃப் மிஸ் எங்கள் படலையைத் திறந்துகொண்டு தானாகவே வருவார். திருகோணமலை மாவட்டத்தில் எங்கள் ஈச்சிலம்பற்றுப் பக்கத்து ஒழுங்கைகளில் ஸ்கூட்டி ஓட்டுவது லேசான வேலையல்ல. மாரியில் சேறு, கோடையில் புழுதி. ஆனாலும் வருவார். பிரஷர் பார்ப்பார், கால் வீங்கியிருக்கிறதா என்று அமர்த்திப் பார்ப்பார், இரும்புக் குளிசை போடுகிறேனா, திரிபோஷா சத்துமா கிடைத்ததா என்று கேட்பார். ஒரு கிளினிக்கைத் தவறவிட்டால் போதும், வாசலில் நிற்பார். பிள்ளை பிறந்த பிறகும் வந்து, கொப்பூழ் காய்ந்துவிட்டதா, பால் ஒழுங்காகக் குடிக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போனார்.

அதே வீட்டில்தான் அப்பாவும் இருக்கிறார். சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, வந்து பல வருடம். அவரைப் பார்க்க அப்படி யாரும் வந்ததில்லை.

மிட்வைஃப் மிஸ்ஸைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. அவரைப் போன்றவர்களால்தான் இந்த நாட்டில் தாய்மார் உயிரோடு இருக்கிறார்கள். ஒரு பகுதி மக்களின் சுகாதாரத்தை அந்தப் பகுதியிலேயே பார்க்கும் முதல் சுகாதாரப் பிரிவு 1926இல் களுத்துறையில் தொடங்கியது. 1940களின் நடுவில்கூட ஒரு லட்சம் பிறப்புக்குச் சுமார் 1,500 தாய்மார் இறந்தார்கள். இன்று அது 30 அளவுக்கு இறங்கியிருக்கிறது. பணக்கார நாடாகி நாம் இதைச் சாதிக்கவில்லை. இலவச வைத்தியமும், வீட்டுக்கு வீடு ஏறி இறங்கிய பெண்களும் செய்த வேலை இது. மலேரியாவிலும் அதுதான் நடந்தது. காய்ச்சல்காரரைத் தேடிப் போய் இரத்தம் எடுத்தார்கள், வீடுகளுக்கு மருந்தடித்தார்கள். 2012 அக்டோபருக்குப் பிறகு உள்ளூரில் தொற்றிய மலேரியா இல்லை என்றான பின், 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. காய்ச்சல் வந்தால் குலைநடுங்கிய எங்கள் திருகோணமலைக்கு இது சின்ன விடயமில்லை.

ஆனால் இப்போது நம்மைக் கொல்லும் வருத்தங்கள் வேறு. இலங்கையில் பத்து மரணங்களில் எட்டு, இருதயம், பாரிசவாதம், சீனி, புற்றுநோய் போன்ற தொற்றாத நோய்களால் வருகின்றன. இவை சத்தம் போடாமல் வளரும். எங்கள் மாவட்டத்தின் பதவிசிறிபுரப் பக்கத்து விவசாயிகளின் சிறுநீரகங்களைத் தின்ற நோயும் அப்படித்தான், உடம்பு காட்டிக்கொடுக்கும்போது பாதி கடந்திருக்கும்.

அப்பாவுக்கும் அதுதான் நடந்தது. சீனி நெடுநாள் கூடியிருந்தால் பாதத்தில் நரம்பு செத்து, உணர்வு போய்விடும். வெறுங்காலோடு வயலுக்குள் இறங்கும் மனிதருக்கு இது எவ்வளவு ஆபத்தென்று யாரும் அவருக்கு உட்காரவைத்துச் சொல்லவில்லை. அறுவடை முடிந்த வயலில் வெட்டிய தாள்க்கட்டை குத்தியிருக்கிறது. அவருக்குத் தெரியவே இல்லை. பாயில் புண்ணின் நீர் பட்டிருப்பதை அம்மா கண்டபோது புண் உள்ளே போய்விட்டது. "எனக்கு நோகேல்லையே பிள்ளை, பிறகென்ன?" என்று என்னிடமே கேட்டார். நோகாததுதான் அங்கே வருத்தம் என்று எப்படி விளங்கப்படுத்துவது? பல நாள் மருந்து கட்டி, கடைசியில் திருகோணமலைக்குக் கொண்டுபோய், ஒரு விரலை எடுக்க வேண்டி வந்தது. அங்கே நன்றாகவே பார்த்தார்கள். மாதம் ஒருமுறை யாராவது அந்தப் பாதத்தைத் திருப்பிப் பார்த்திருந்தால் அங்கே போகும் தேவையே வந்திருக்காது என்பதுதான் என் ஆற்றாமை.

"கிளினிக் இருக்கிறதே, போகலாமே" என்பார்கள். போகிறோம். வெறும் வயிற்றில் இரத்தம் குடுக்க வேண்டும், ஆகவே விடியுமுன் எழும்பி முதல் பஸ். நம்பர் துண்டு, வாங்கில் காத்திருப்பு, டொக்டருக்கு முன்னால் சில நிமிடம், பிறகு பார்மசி வரிசை. வீடு வர மத்தியானம் தாண்டும். கூட ஒருவர் போக வேண்டும், அவருடைய கூலியும் அன்றைக்கு இல்லை. ஆரோக்கிய வாழ்க்கை நிலையம் என்று 35 வயதுக்கு மேற்பட்டவர்களைச் சோதிக்கும் நல்ல ஏற்பாடு இருக்கிறது. ஆனால் நான் அறிந்தவரை அங்கே போவது பெரும்பாலும் பெண்கள். எங்கள் ஆம்பிளைகள் அந்தக் காலைநேரத்தில் வயலில், அல்லது கடலில்.

பாதை வசதி கூடியது உண்மைதான். திருகோணமலைக்குப் போகும் வழியில் கிண்ணியாப் பாலத்தை 2009இல் திறந்தார்கள். அதற்கு முன் ஒவ்வொரு படகுத்துறையாகக் காத்துநின்று கடந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். 1990 என்ற இலக்கத்துக்கு போன் அடித்தால் அம்புலன்ஸ் வருகிறது, காசும் இல்லை. இவையெல்லாம் வருத்தம் முற்றியவரை வேகமாகக் கொண்டுபோக உதவுகின்றன. முற்றாமல் பார்க்கும் ஆள் இன்னும் வரவில்லை. மகாவலி பெருகி வெருகல் பக்கம் வீதி மூழ்கினால் அந்த வேகமும் நின்றுவிடும்.

செய்ய முடியாத காரியம் ஒன்றையும் நான் கேட்கவில்லை. 2020இல் கொரோனாவுக்கு ஊரடங்கு போட்டபோது கிளினிக் மருந்தைத் தபால்காரர் மூலம் வீடுகளுக்கே அனுப்பினார்கள். அன்று முடிந்தது இன்று ஏன் முடியாது? நடக்கமுடியாத முதியவருக்காவது அதைத் தொடரலாம்.

மிட்வைஃபின் தலையில் இதையும் கட்டக்கூடாது, அவருக்கு ஏற்கனவே தாங்க முடியாத வேலை. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் உயர்தரம் முடித்துவிட்டு வேலையின்றி நிற்கிறார்கள். அவர்களில் சிலருக்குப் பயிற்சி குடுத்து, பிரஷர் மெசினும் குளுக்கோமீட்டரும் குடுத்து, மாதம் ஒருமுறை சீனி, பிரஷர், பாதம் மூன்றையும் வீட்டில் வைத்துப் பார்க்கச் சொல்லலாம். கூடியிருந்தால் கிளினிக்குக்கு அனுப்பட்டும்.

முதியோர் சங்கத்தில் பேசி, சுகாதார வைத்திய அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறோம். வீட்டுக்கு வரும் ஆள், வீட்டுக்கு வரும் மருந்து, விதைப்பும் வெட்டும் நடக்கும் மாதங்களில் ஒரு பின்னேரக் கிளினிக், இவ்வளவுதான் அதில் இருக்கிறது. மூதூர், சேருவில, குச்சவெளி, புல்மோட்டைப் பக்கம் இப்படி எங்காவது நடந்திருந்தால், அல்லது சுகாதாரத் துறையில் வேலை செய்யும் யாராவது இதை வாசித்தால், எப்படிச் செய்தீர்கள், எங்கே தடங்கல் வந்தது என்று எழுதுங்கள். கடிதத்தைக் கொடுக்க முன் அதையும் சேர்க்க வேண்டும்.